யார் தைத்த கோட்டு

தெருவில் எல்லோரும் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகம் போகிறவர்களுக்குக் கோட்டுத் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் வலது கை போன பிறகும் அந்தப் பேரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கை போனது ஒரு சுண்டைக்காய் விஷயத்தில். மணிக்கட்டில் சின்னதாக ஒரு கட்டி. வலி கிடையாது, கத்தரிக்கோல் பிடிக்கும்போது இடைஞ்சல், அவ்வளவுதான். பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொசு கடிக்கிற மாதிரிதாம்மா, மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும்தான் கூட வரவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை, ஊசியைப் பிடிக்கவும் முடியவில்லை. மரத்துப்போவது சகஜம், தானாகச் சரியாகிவிடும் என்று அந்த மருத்துவமனை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. வேறொரு மருத்துவர்தான் உள்ளதைச் சொன்னார். நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது, காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டுப் போட்டால் பிடிப்பு ஓரளவு திரும்பும், தள்ளிப்போட்டால் தசை சூம்பிவிடும், அப்புறம் ஒட்டியும் புண்ணியமில்லை.

அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, பேருந்து ஓட்டுகிற அவள் கணவர், "கடையை வித்தாலும் பத்தாது" என்றார். ஆகவே நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இழப்பீடு வந்தால் கை வரும். வராவிட்டால் கையும் வராது.

இங்கேதான் கோட்டக்கா ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு நாத்தனார். முன்னொரு காலத்தில் கடையில் தொழில் பழக வந்தவள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையின் கோட்டில் வலது கையை இடப்பக்கமும் இடது கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டாள். தலைமையாசிரியை போட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுட்டு நான் பின்பக்கமாத்தான் நடக்கணும்" என்றார். அந்தச் சொல் தெருவைச் சுற்றி வந்தது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாத்தனார் அழுதுகொண்டே ஒரு துணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் தொழில் நன்றாகப் படிந்தது, அவளும் நிமிர்ந்துவிட்டாள். ஆனால் தெருவுக்கு அது தெரியாது. ஒரு முறை கெட்டுப்போன பேருக்குத் தெருவில் ஆயுசு அதிகம்.

அண்ணிக்குக் கை போனதும் அவள் தொழிற்சாலையை விட்டுவிட்டு வந்தாள். கடையின் பின்கட்டில், திரைக்குப் பின்னால் அவள் தைப்பாள். முன்கட்டில் கோட்டக்கா வலது கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் நாடா பிடித்து அளவெடுத்து, வாயால் வியாபாரம் பண்ணுவாள். "உங்க கையே கைக்கா" என்று யாராவது புகழ்ந்தால் திரைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்கும்.

கடையைப் பூட்டும்போது நாத்தனார் கேட்பாள், "என்ன அண்ணி, இன்னைக்கும் நீங்க பிரமாதமா தைச்சீங்களாமே?"

"சும்மா இருடி. நீ தைக்கிறேன்னு தெரிஞ்சா நாளைக்கே நாம ரெண்டு பேரும் ஈ ஓட்டணும்."

வழக்கை எடுத்த வக்கீலம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நஷ்டம்னு நான் காட்டணும். கடையில கூட்டம் அலைமோதுது. யார் தைக்கிறாங்கன்னு சொல்லிடுங்கம்மா."

"அது மட்டும் வேணாம். அந்த டாக்டர் மேல இருக்கிற தப்பைச் சொல்லுங்க, போதும். ஆபரேஷன் அன்னைக்கு மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அவர், 'நீ முடிச்சிடு'ன்னு யார்கிட்டயோ சொல்லிட்டுப் போனதை என் காதால கேட்டேன்."

"கேட்டீங்க, பார்க்கலையே. முகத்துக்கு முன்னால துணி தொங்குது. கையெழுத்து அவருது, ஆபரேஷன் பண்ணினது நான்தான்னு அவர் எழுதிக் கொடுத்திருக்கார். ரெண்டு தோணியில கால் வைக்காதீங்க, நடுவுல விழுந்துடுவீங்க."

கோட்டக்கா கேட்கவில்லை. கையும் வேண்டும், கடைப் பேரும் வேண்டும் என்று நின்றாள். யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது?

விசாரணை நாள் வந்தது. மன்றம் என்றால் ஏதோ அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் சுழலத் தயங்கும் ஒரு மின்விசிறி, ஒரு நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட மன்றத் தலைவி. பெரிய டாக்டர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் தலைமையாசிரியை, கூட இரண்டு பெண்கள். கூப்பிடாமலே வந்திருந்தார்கள், நம் கோட்டக்காவுக்கு நாமல்லாமல் வேறு யார் என்று. மூன்று பேரும் போட்டிருந்தது அவள் கடைக் கோட்டு. நாத்தனார் அவர்கள் கண்ணில் படாமல் கதவோரம் நின்றாள்.

மருத்துவமனை வக்கீல் எழுந்தார். நல்ல சாம்பல் நிறக் கோட்டு. குறுக்கே நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படித் திரும்பிக் காட்டமாட்டான்.

"இந்தக் கோட்டைத் தெரியுதாம்மா?"

கோட்டக்காவுக்குத் தெரிந்தது. "எங்க கடைக் கோட்டு."

"போன மாசம் என் ஜூனியர், அளவுக்கு என் பழைய கோட்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார். வாங்க வந்தப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் வலது கையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"'என் கைப்படத் தைச்சது, பத்து வருஷம் உழைக்கும்'னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் தலைமையாசிரியை பெருமையாகத் தலையை ஆட்டி, "பின்னே, அவ கைதான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். பாவம், நல்லது செய்வதாக நினைப்பு.

"அவ்வளவுதான்" என்றார் வக்கீல் தலைவியிடம். "இப்படித் தைக்கிற கைக்கு இழப்பீடு எதுக்கு?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? இதைத் தைச்சது நீங்கதானா?"

ஆமாம் என்றால் கை போச்சு. இல்லை என்றால் கடை போச்சு. கோட்டக்காவுக்குப் பயமாக இருந்தது, ரொம்பவே பயமாக இருந்தது. பயத்தோடு டாக்டரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு எந்தப் பேரைக் கட்டிக்கொண்டு அழுவது?

பைக்குள்ளிருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெருவிரலடியில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"நான் தைக்கலைங்க. அதோ கதவுகிட்ட நிக்கிறாளே, என் நாத்தனார், அவ தைச்சா. இந்தக் கோட்டு மட்டுமில்ல, இந்தக் கை போனதிலிருந்து எங்க கடையில எல்லாமே அவதான். எனக்காக வேலையை விட்டுட்டு வந்தா. நான் ஒரு பொத்தான்கூடத் தைக்கல."

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. தலைமையாசிரியை தன் கோட்டுக் கைகளை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

வக்கீல் விடவில்லை. "அப்போ இத்தனை நாளா நம்பி வந்தவங்களை ஏமாத்தியிருக்கீங்க!"

"ஆமா, ஏமாத்தினேன்." அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "தப்புதான் டீச்சர். உங்க முகத்தைப் பார்த்தே சொல்றேன். இனிமே வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு மறுபடி தலைவி பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தி செஞ்ச வேலைக்கு இன்னொருத்தி பேரைப் போடுறது எப்படின்னு எனக்கு அத்துப்படிங்க, நானே பண்ணியிருக்கேன். முன்னால நின்னு சிரிச்சுக்கணும், திரைக்குப் பின்னால யாருன்னு மூச்சு விடக்கூடாது. அன்னைக்கு எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு துணி தொங்கிச்சு. 'நீ முடிச்சிடு'ன்னு சொன்னார், கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. காகிதத்துல அவர் பேரு இருக்கு. கத்தி யார் கையில இருந்துச்சு? நான் என் தப்பை எழுந்து நின்னு சொல்லிட்டேன். அவரையும் கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

"டாக்டர், அந்த ஆபரேஷனை நீங்கதான் பண்ணினீங்களா? அந்த நேரத்துல பணியில இருந்த எல்லாரையும் இங்க கூப்பிட்டு ஒவ்வொருத்தரா கேட்க எனக்கு அதிகாரம் இருக்கு. கேட்கத்தான் போறேன். அதுக்கு முன்னால நீங்க சொல்லுங்க."

டாக்டர் காலை இறக்கினார். எழுந்தார். தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மென்று விழுங்கி, கடைசியில் டாக்டர் சொன்னார், "பக்கத்துத் தியேட்டர்ல ஒரு அவசரம். ஆரம்பிச்சது நான்தான். முடிச்சது... பயிற்சிக்கு வந்த பையன்."

"நரம்பு வெட்டுப்பட்டப்போ நீங்க அந்த ரூம்ல இல்ல."

"இல்ல."

தலைவி எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"தப்பும் இருக்கு, இழப்பும் இருக்கு. எவ்வளவுங்கிறது மட்டும்தான் பாக்கி. சிகிச்சைக்கான தொகையை முதல்ல கொடுக்கச் சொல்றேன், அது காத்திருக்கக் கூடாது. மத்தது அடுத்த விசாரணையில."

கோட்டக்கா உட்கார்ந்தாள். கடையை நினைத்தாள், வயிறு எரிந்தது. டாக்டர் சொன்ன 'இல்ல'வை நினைத்தாள், ஆறியது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குனிந்து பார்த்தாள். நாத்தனார் அவளுடைய செத்த விரல்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று கோட்டக்காவுக்குத் தெரியவில்லை.