பத்து மணிவரை

கணவரின் விரல்களுக்கிடையே மெழுகுவத்தியைச் செருகி, சாயாமல் இருக்கத் தன் கையால் பொத்திப் பிடித்தாள் அனேலே. உயிர் பிரியும்போது கையில் மந்திரித்த மெழுகுவத்தி எரிய வேண்டும். ஸ்டெபோனாஸ் கண் விழித்து அதை ஊதி அணைத்தார்.

“மூணாவது தடவை,” என்றாள் அனேலே. “போய்ச் சேருங்களேன்.”

மகள் ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால். இரண்டாம் உலகப் போர்க்காலக் கொலைகளுக்குத் துணைபோனவர் என்று பத்து மணிக்கு சிகாகோ நீதிபதி கையெழுத்திட்டால் அப்பாவின் குடியுரிமை போகும். புதுச் சட்டப்படி அவருடைய ஓய்வூதியமும், அவரை வைத்து அம்மாவுக்கு வருவதும் நின்றுவிடும். அதற்குள் இறந்துவிட்டால் வழக்கு அத்தோடு முடியும், அம்மாவுக்குக் கடைசிவரை பணம் வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நேற்று மதியம் அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்துப்போனாள்; திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை. ஏன் என்று ரெஜினா கேட்கவில்லை.

அனேலே பாதிரியாருக்குப் போன் செய்ய அடுப்படிக்குப் போனாள்.

“குழந்தைங்கதான் லேட் பண்ணும்,” என்றார் ஸ்டெபோனாஸ், கூரையைப் பார்த்தபடி. “குளிர்ல விரல் விறைச்சிரும். கோட்டு பட்டன் கழட்ட வராது. நான்தான் கழட்டிவிடுவேன்.”

“எங்க, அப்பா?”

“குழிகிட்ட. நல்ல கோட்டுங்க. ரத்தம் பட்டா வீணாப்போயிரும்ல?”

வேலை தெரிந்தவரின் பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது. அப்பா லித்துவேனியாவில் பண்ணையாளாக இருந்தார் என்றுதான் ரெஜினா அறுபது வருடமாகச் சொல்லிவந்தாள். பள்ளி நாட்களில் அவள் கோட்டுக்குப் பட்டன் போட்டுவிட்டதும் அவர்தான், கீழிருந்து மேலாக, ஒன்றைக்கூட விடாமல்.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். அவர் ஆவலாக விழுங்கினார்.

அனேலே வாசலில் வந்து நின்றாள்.

“என்னடி பண்றே?”

“தண்ணி குடுக்கறேன்.”

“இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்டி. இந்த வீடு போயிரும்.”

“தெரியும்மா.”

அனேலே கரண்டியைப் பிடுங்க வந்தாள். ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டம்ளரையே அவர் உதட்டில் வைத்தாள். பிறகு அனேலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து ஐந்துக்குப் போன் அடித்தது. ரெஜினா அதை அப்பாவின் காதருகே பிடித்தாள். கையெழுத்தாகிவிட்டது, வருந்துகிறேன் என்றது வக்கீலின் குரல்.

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவர் அடுத்த வாய்த் தண்ணீருக்காக உதடுகளைப் பிரித்துக் காத்திருந்தார். பதினொன்றரைக்கு மூச்சு நின்றபோதும் வாய் அப்படியே திறந்திருந்தது.