அவர் பக்கம் நான்கு வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. தேடிப் போகவில்லை. ஒரு சான்றிதழை நகல் எடுக்கப் போன இடத்தில், மிஷின் சூடாகட்டும் என்று பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் டைப் செய்யும் பெண், அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த ஒரு அக்கா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டுக்கேட்பவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பேச்சு நின்றுவிடும். ஆகவே இதில் வரும் குரல்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. முகங்கள், கைகள், மனதில் ஓடியவை, திரையில் தெரிந்தவை எல்லாம் நான் போட்டது.

நகல் கைக்கு வந்து, காசும் கொடுத்த பிறகு, கொஞ்ச நேரம் பெஞ்சிலேயே இருந்தேன். ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: “மேகம் திரண்டு நின்ற அந்த மத்தியானத்தில், வாழ்க்கையின் பாரத்தைச் சுமந்தபடி ஒரு பெண்...” (வேண்டாம். அவள் சுமந்து வந்தது ஒரு துணிப்பை. உள்ளே முட்டைக்கோஸ். ஸ்டூலுக்கு அடியில் வைக்கும்போது உருண்டு வந்து என் காலில் இடித்தது. வானம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.)

இரண்டாவது: “கணவன்மார்கள் இரண்டு வகை. ஒரு வகையினர்...” (முதல் வகையையே எழுதி முடியவில்லை. இரண்டாவது வகையைப் பார்த்தவர்கள் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.)

மூன்றாவது, டைப் செய்யும் பெண்ணிடமிருந்து தொடங்குவது. அவளுக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. கை மட்டும்தான் அவளுடையது. அப்படிப்பட்டவள் தோளுக்குப் பின்னால் நின்று கதை சொல்வது எனக்கும் வசதி.

3

டைப் செய்யும் பெண்ணுக்குக் காலையிலிருந்து வந்ததெல்லாம் விண்ணப்பங்கள். கீழ்ப்படிதலுள்ள, கீழ்ப்படிதலுள்ள என்று அடித்து அடித்து விரல் நொந்து போயிருந்தது. வேறு ஏதாவது வந்தால் தேவலை என்று இருந்தாள். வந்தது.

“ரெண்டு டேபிள் வேணும் கண்ணு. ஒண்ணுல நான் வீட்டுல செய்யற வேலை. இன்னொண்ணுல அவர் செய்யற வேலை. ரெண்டும் ஒரே தாள்ல, பக்கத்துல பக்கத்துல நிக்கணும்.”

“மேல ஒண்ணு கீழ ஒண்ணு போட்டுத் தரட்டுமாக்கா? சட்டுனு முடிஞ்சிடும்.”

“மேல கீழ போட்டா, மேல இருக்கிறதைப் படிச்சிட்டு ‘ம்’னு சொல்லிட்டுப் போயிடுவார்.”

“அப்ப தனித்தனித் தாளா எடுத்துடலாமே?”

“ஒரு தாள் காணாமப் போயிடும். எந்தத் தாள்னும் எனக்குத் தெரியும்.”

டைப் செய்யும் பெண் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், மத்தியானம் இரண்டுக்கு வெளியே வரலாம். வருகிறாயா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

“வீட்ல கேட்டா, ‘போயேன், யாரு வேணாம்னது’ங்கறார். காலையில பிள்ளைங்களை யாரு கிளப்பறதுன்னு கேட்டா, ‘அது என்ன பெரிய வேலையா’ங்கறார். பெரிய வேலையா சின்ன வேலையான்னு அவரே கண்ணால பார்க்கட்டும். இங்கதான் வரச் சொல்லியிருக்கேன்.”

(டைப் செய்யும் பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது என்று ஒரு பத்தி எழுதினேன். இந்த அக்கா சொல்வதை அவள் தன் கல்யாணத்தோடு சேர்த்து நினைத்துக் கவலைப்படுவதாக. பிறகு அடித்துவிட்டேன். வேலை நேரத்தில் அவள் வேலையைத்தான் பார்த்திருப்பாள்.)

4

அக்கா சொல்லச் சொல்ல அவளுடைய டேபிள் வளர்ந்தது. தண்ணீர் பிடிப்பது. பால் காய்ச்சுவது. பிள்ளைகளை எழுப்புவது. மறுபடியும் எழுப்புவது. (“அது வேற வேலை, தனியாப் போடு.”) குளிக்க வைப்பது, தலை பின்னிவிடுவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, காணாமல் போன ஒற்றை சாக்ஸைத் தேடுவது. இதெல்லாம் காலை ஏழரை வரைக்கும்தான். திரையில் ஒரு பக்கம் நிறைந்துகொண்டு வந்தது.

“அண்ணன் பக்கத்துக்குச் சொல்லுங்கக்கா.”

“கரண்ட் பில் கட்டறது. வண்டிக்குப் பெட்ரோல் போடறது. பல்பு மாத்தறது.” அதோடு நிறுத்தினாள். டைப் செய்யும் பெண் காத்திருந்தாள். “ராத்திரி கதவு பூட்டுச்சான்னு பார்க்கறது. எழுது. பொய் சொல்லக் கூடாதில்ல.”

(நான் முதலில் மூன்று வரிதான் கொடுத்திருந்தேன். நாலாவதை அவளே ஞாபகப்படுத்திச் சொன்ன பிறகுதான் எனக்கு இந்த அக்காவின் மேல் நம்பிக்கை வந்தது.)

இனி அந்த இரண்டையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்த டேபிள்களுக்கு நடுவில் ஒரு வெற்று வரி கிடந்தது. அதுதான் இடைஞ்சல் என்று டைப் செய்யும் பெண் அதை அழித்தாள். உடனே இரண்டும் ஒட்டிக்கொண்டன. ‘நான்’ என்ற தலைப்பின் கீழ் அக்காவின் வேலைகள் எல்லாம் வந்து, அவற்றின் அடியிலேயே கரண்ட் பில்லும் பெட்ரோலும் பல்பும் கதவும் வரிசையாக நின்றன.

“ஐயோ, எல்லாம் உங்க கணக்குல வந்துடுச்சுக்கா.”

“இருக்கட்டும் கண்ணு. இன்னும் ரெண்டு வருசம் போனா அப்படித்தான் ஆகும்.”

டைப் செய்யும் பெண் அதைப் பிரித்து, அவருடைய டேபிளை மட்டும் பிடித்து இழுத்து வலப்பக்கம் விட்டாள். நின்றது. பார்க்க நன்றாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் கழுவுவது ஞாபகம் வந்தது. டைப் செய்யும் பெண் ஒரே ஒரு வரி சேர்த்தாள். அவருடைய டேபிள் துள்ளிக் குதித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

“பார்த்தியா. வேலைன்னதும் ஓடிட்டார்.”

கடைசியில் வேறு வழி பிடித்தாள்.* ஒரே வரிசையில் மூன்று அறை உள்ள பெரிய டேபிள் ஒன்றை முதலில் போட்டாள். இடது அறைக்குள் அக்காவின் டேபிள், வலது அறைக்குள் அவருடைய டேபிள், நடு அறை ஒல்லியாக, ஒன்றும் எழுதாமல், இடைவெளிக்கு. பிறகு பெரிய டேபிளின் கோடுகளை மட்டும் மறைத்தாள். இப்போது எந்தப் பக்கம் எத்தனை வரி சேர்த்தாலும் இன்னொன்று நகராது.

(இந்த இடத்தில் குடும்பத்தைப் பற்றி அழகாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத கோடு என்று. உங்களுக்கே தோன்றியிருக்கும், ஆகவே எடுத்துவிட்டேன்.)

* இந்த வழி எனக்கு அவர்கள் பேச்சிலிருந்து பாதிதான் புரிந்தது. மீதியை இன்னொரு நாள் இன்னொரு கடையில் விசாரித்து எழுதினேன்.

5

புருஷனை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் பிரதியில் அவருக்குச் சிவந்த கண் வைத்தேன், மேசையில் ஓங்கிக் குத்த வைத்தேன். குத்தினால் கதை சீக்கிரம் முடியும். ஆனால் கடைக்குள் வந்த குரல் அப்படி இல்லை. களைத்த, கொஞ்சம் மூக்கடைத்த குரல். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கையில் கிரீஸ் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் டைப் செய்யும் பெண், “அண்ணே, மானிட்டரைத் தொடாதீங்க” என்றாள்.

அவர் படித்தார். இடது பக்கத்தை முழுவதும் படிக்க நேரமாகும் அல்லவா, அந்த நேரம் ஆனது.

“என் பக்கம் ஏம்மா இவ்வளவு காலியா இருக்கு?”

“அக்கா சொன்னது அவ்வளவுதாண்ணே.”

“நான் சம்பாதிக்கறேனே, அதை எழுது.”

“எழுது கண்ணு” என்றாள் அக்கா. “எழுதிட்டு, வேலைக்குச் சேர்ந்தப்புறம் என் பக்கமும் அதே வரியைப் போடணும். அப்ப என் பக்கத்துல இருந்து கொஞ்சம் இறக்கியாகணும். ஆறு மணிக்கு நான் அங்க நிக்கணுங்க. ஏழரை வரைக்கும் இருக்கிறதெல்லாம் உங்க பக்கம் வந்தாத்தான் நான் நாளைக்குச் சரின்னு சொல்ல முடியும். வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க. அவங்களுக்குப் போன் பண்ணிடறேன்.”

டைப் செய்யும் பெண் மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

“பிள்ளைங்களை எழுப்பறது. சரி. இந்தப் பக்கம் போடு” என்றார்.

அவள் அந்த வரியை வெட்டி எடுத்தாள். ஒட்டும்போது கர்சர் பல்பு இருந்த கட்டத்துக்குள் நின்றிருந்தது. பல்பு மாற்றுவதற்கு உள்ளேயே, குட்டி டேபிளாக, பிள்ளைகளை எழுப்புவது போய் உட்கார்ந்துகொண்டது.

“என்னம்மா இது, பல்பு மாத்திக்கிட்டே எழுப்பணுமா?”

“வெளிச்சம் வந்தா அதுங்களா எழுந்திருக்கும்” என்றாள் அக்கா.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். நான் சிரிப்பு என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு மாற்றினேன்.

டைப் செய்யும் பெண் அதைச் சரியாக்கினாள். அடுத்தது பால். சரி. தண்ணீர். சரி. மறுபடியும் எழுப்புவது. “அதான் ஒரு தடவை எழுப்பியாச்சே?” “எழுப்பிப் பாருங்க, தெரியும்.” சரி. தலை பின்னிவிடுவதில் நின்றது.

“பொண்ணுக்குத் தலை பின்ன எனக்கு வராது.”

“லிஃப்ட்டுல வடத்தை எல்லாம் இழுத்துக் கட்டறீங்க.”

“அது இரும்பு வடம். அதுக்கு வலிக்காது.”

டைப் செய்யும் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “வாரிவிட்டு ஒரு ரப்பர் பேண்ட் போட்டா போதும். பின்னலை லீவு நாள்ல நான் பார்த்துக்கறேன்” என்றாள் அக்கா. ‘தலை பின்னுவது’ அக்கா பக்கமே நின்றது. அவர் பக்கம் ‘தலை வாருவது’ என்று புதிதாக ஒன்று போனது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒல்லி அறை. இரண்டு டேபிளும் ஒன்றையொன்று அசைக்காமல் நின்றன.

டிபன் பாக்ஸ் கட்டுவதற்கு அவர் யோசிக்காமல், “சரி, அதுவும்” என்றார்.

(அவ்வளவு வேகமாகச் சொன்ன சரியை நான் நம்பவில்லை. டைப் செய்யும் பெண்ணும் நம்பியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் வெட்டி, ஒட்டி, முடித்தாள்.)

6

பிரிண்ட் வந்தது. இங்கிருந்து முடிவு.

ஒரு முடிவு: தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுகிறார்கள். அக்கா வேலைக்குப் போகிறாள். அவர் தலை வாரிவிடுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முட்டைக்கோஸ்கூடச் சிரிக்கும் போலிருந்தது, நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று: அவர் தாளை வாங்கி, நடுவில் இருந்த வெற்று இடத்தில் சரியாக மடிக்கிறார். அவர் பக்கம் உள்ளே போய்விடுகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். சட்டை துவைக்கப் போகிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் வேறொரு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். இதை எழுதும்போது பேனா எங்கேயும் தடுக்கவில்லை. தடுக்காமல் வந்ததால்தான் இது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வருவதை எழுத நான் எதற்கு?

கேட்டதை மட்டும் சொல்கிறேன். அக்கா பையை எடுத்தாள். அவர் வாசல்படி வரைக்கும் போனார். செருப்பை மாட்டும் சத்தம் பாதியில் நின்றது.

“ஏய், பச்சை மூடி போட்ட டிபன் பாக்ஸ் பெரியவளுதா, சின்னவனுதா?”

டைப் செய்யும் பெண்ணின் விரல்கள் நின்றன. அக்காவும் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவள் முகம் எப்படி இருந்தது, கோபமா, சலிப்பா, நாளைக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பா, நான் எழுதிப் பார்த்த எதுவும் நிற்கவில்லை. அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்டது. இருந்தாலும் எழுதப் போவதில்லை.

உங்கள் வீட்டில் பச்சை மூடி யாருடையது என்று தெரிந்தவர்கள் இதை முடித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் போய்க் கேட்டுவிட்டு வந்து முடியுங்கள்.