பந்தக்கால்

புயல் வரும் நாளில் காற்றே இல்லை என்றால் நம்புவீர்களா? சாயங்காலம் வாசல் முழுக்க மஞ்சள் வெளிச்சம். ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. ஏதோ கனவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அந்தக் கனவுக்குள்ளும் ஒரு வேன் கத்திக்கொண்டே வந்தது: "கடலோரத்துல இருக்கவங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க!"

என் மனைவி செவந்தி நகரவில்லை. முந்தின நாள்தான் மகள் வைஷ்ணவியின் கல்யாணத்துக்கு வாசலில் பந்தக்கால் ஊன்றியிருந்தோம். மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய மூங்கில். அப்போது ஏற்றிய விளக்கும் உள்ளே அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அது நிற்கும் வீட்டை விட்டுவிட்டு வெளியே ராத்தங்குவது எங்கள் பக்கத்தில் கிடையாது.

"நீங்க புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வெளக்கப் பாத்துக்கிட்டு இங்கிட்டே கெடக்குறேன்" என்றாள்.

"ஒன்னைய விட்டுட்டு நான் மட்டும் போவணுமாக்கும்?" என்று வைஷ்ணவியும் அவளை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னை. "ஒரு மரம் சாஞ்சாப் போதும்டி, மூணு பேரும் சட்டினிதான்!" என்று கத்தினேன். கத்தி என்ன புண்ணியம்? அந்த மூங்கிலை விட்டுப் போக எனக்கும் மனசு வரவில்லை.

கடப்பாரையை எடுத்தேன்.

"அய்யய்யோ, அதத் தொடாதீங்க!"

"புடுங்கி எறியலடி. கூட்டிக்கிட்டுப் போறேன். கல்யாணப் பொண்ணு எங்கிட்டு இருக்கோ அங்கிட்டு அதுவும் இருக்கட்டும்."

செவந்தி எழுந்தாள். பிறகு எரிகிற காமாட்சி விளக்கைக் கையில் எடுத்தாள். கதவைப் பூட்டாமல் கிளம்பினோம். என் தோளில் மூங்கில், அவள் கையில் சுடர். வழியெல்லாம் அந்தச் சுடர் ஆடவே இல்லை. எதிரே வந்த வேன்காரர் மைக்கை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் ஊன்றியபோது யாரோ குலவை போட்டார்கள்.

இருட்டியதும் புயல் வந்தது.

காலையில் மைதானத்தில் குழிதான் இருந்தது, மூங்கில் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படிமேல் இரண்டு தென்னை கிடப்பதாகப் பக்கத்து வீட்டு ரெங்கசாமி வந்து சொன்னார். செவந்தி அந்தக் குழியருகே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் திரும்பி, வைஷ்ணவியின் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் என்னைப் பார்த்து அதட்டினாள்:

"நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? போங்க, வேற மூங்கி வெட்டிக்கிட்டு வாங்க."