பாசி நிறச் சிலந்தி

மரப்பட்டையில் இருந்த பாசி தானாக நகர்ந்ததைப் பார்த்ததும் விதுஷா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஸவாஹிரா, இங்க வா. மெதுவா வா."

ஸவாஹிரா வந்து பார்த்தாள். சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்த பாசியைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. விதுஷா ஒரு புல் நுனியால் காட்டினாள். நுனிக்குப் பக்கத்தில் அரிசி மணி அளவில் ஒரு சிலந்தி திரும்பி, முன்னால் இருந்த இரண்டு பெரிய கண்களால் அவர்களையே பார்த்தது. வலை பின்னாமல் குதித்து இரை பிடிக்கும் சாதி என்பது அந்தக் கண்களிலேயே தெரிந்தது. ஆனால் உடம்பெல்லாம் பாசியின் நிறத்தில் மயிர் முளைத்த ஒன்றை இருவருமே அதுவரை பார்த்ததில்லை.

இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக விலங்கியல் படித்தவர்கள். விதுஷா மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது அங்குள்ள பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஸவாஹிரா பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் இப்றாஹீமின் மகள். ஊவாவின் சிலந்திகளைத் தேடிப் பதிவு செய்யும் ஆய்வொன்றில் உதவியாளராக வேலை செய்தாள். ஆய்வை நடத்தியவர் கண்டிப் பக்கம் விரிவுரையாளராக இருக்கும் விஜேந்திரன். பிடிப்பதற்கான அனுமதியெல்லாம் அவர் பெயரில்தான் இருந்தது. விடுமுறை நாட்களில் ஸவாஹிரா பஸ் ஏறி மடுல்சீமைக்கு வந்துவிடுவாள். தேயிலை மலைக்கு மேலே மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுக்குள் இருவரும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு திரிவார்கள்.

ஸவாஹிரா எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்த விஜேந்திரன் அன்றைக்கே போன் எடுத்தார்.

"நான் இதப் பார்த்ததே இல்ல. எங்ககிட்ட இருக்கிற எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புதுசா இருக்கலாம்."

"அப்ப எழுதலாமா சேர்?"

"இது பொம்பளங்க. ஆம்பள வேணும். அது இல்லாம எந்தப் பேரினத்துல சேர்க்கிறதுன்னே தெரியாது."

ஆண் சிலந்திக்கு முகத்தின் முன்னால் இரண்டு சிறு கைகள் உண்டு. பெண்ணுக்கு விந்தைக் கொடுப்பது அவற்றால்தான். பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி ஒவ்வோர் இனத்துக்கும் அந்தக் கையின் முள்ளும் வளைவும் வேறு வேறு. வெளியே ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்துச் சொல்வது அந்த வளைவுதான்.

"பேர் மட்டும் யோசிச்சு வைக்கலாமா?" என்று கேட்டாள் ஸவாஹிரா.

"யோசிங்க. அதுக்கு யாரும் தடை போட முடியாது."

விதுஷா யோசிக்கவே இல்லை. "மடுல்சீமைன்னே வைப்போம்டி. ரோடுதான் ஒழுங்கா இல்ல, பேராவது ஒலகம் முழுக்கப் போகட்டும்."

அதன்பிறகு கிடைத்த விடுமுறையெல்லாம் ஆணைத் தேடியே போனது. குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக் கிளைகளைத் தட்டினார்கள். பட்டைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். பாசி நிறத்தில் பெண்கள் கிடைத்தன; ஆண் ஒன்றுகூட இல்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு போயாப் பௌர்ணமி விடுமுறையில், உரிந்த பட்டைக்கு அடியில் வெள்ளைப் பட்டுக் கூடு கட்டி முட்டைகளுக்கு மேலே படுத்திருந்த ஒரு தாயைக் கண்டார்கள்.

"ஆம்பள கிடைக்கல்லாட்டி என்ன?" என்றாள் ஸவாஹிரா. "நாங்களே வளர்ப்போம்."

பட்டையோடும் தாயோடும் அந்தக் கூட்டை ஒரு கூடையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு அவள் பதுளைக்கு பஸ்ஸில் வந்தாள். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் கூடை சாயாமல் அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள்.

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அவளுடைய உம்மா றஷீனா கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஊட்டுல சிலந்தி அடிக்கத்தான் தும்புத்தடி இரிக்கி. நீ அதக் கொண்டு வந்து வளக்கப் போறியா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் உம்மா."

தாய்ச் சிலந்தி எதையும் தின்னாமல் கூட்டைக் காத்தது. ஒரு காலை கூட்டின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பாமசி வைத்திருக்கும் சாச்சா முஸ்தாக்கிடம் வெற்று மாத்திரைப் போத்தல்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குஞ்சை விட்டு, வாயைத் துணியால் கட்டினாள். துணிக்குக் குறைவில்லை, கீழே வாப்பாவின் கடை முழுக்க வெட்டுத்துண்டுகள்.

குஞ்சுகளுக்குப் பழ ஈ வேண்டியிருந்தது. இப்றாஹீம் ஒன்றும் கேட்காமல் பழக்கடையில் அழுகத் தொடங்கிய வாழைப்பழங்களைக் கொண்டு வந்து கொடுத்தார். சில நாட்களில் ஈக்கள் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கி, வெள்ளைத் துணிக் கட்டுகளில் உட்கார ஆரம்பித்தன. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு பெண் முகத்தைச் சுளித்தபோது, "மேல எங்கட மகள் ஆராய்ச்சி செய்றா," என்றார் அவர், துணியை உதறிக்கொண்டே.

குஞ்சுகள் தோலுரித்து வளர்ந்தன. பல செத்தன. அவள் ஈரம் கூட்டினாள், குறைத்தாள், இடம் மாற்றினாள். ஏன் செத்தன என்பது கடைசிவரை விளங்கவில்லை. மிஞ்சிய சிலவற்றில் இரண்டுக்கு மட்டும் முகத்தின் முன் கைகள் குத்துச்சண்டைக்காரனின் கையுறை மாதிரி வீங்கத் தொடங்கின. அவை ஆண்கள். இன்னும் ஒரு தோல்தான் பாக்கி. ஆனால் நிறம் அப்போதும் அதே பாசி நிறம்தான்.

அந்தத் தோல் உரிந்த காலையில் ஸவாஹிரா போத்தலைக் கையில் எடுத்துவிட்டு, வேறு போத்தலை எடுத்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தாள். உள்ளே நின்றது ஒரு கறுப்புச் சிலந்தி. நெற்றியில் செம்மஞ்சள் பட்டை. முதுகில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு. முன்கால்களில் தூரிகை மாதிரி அடர்ந்த மயிர். பக்கத்தில் கழற்றிப் போட்ட சட்டையாய்க் கிடந்த தோல் மட்டும் பாசி நிறத்தில் இருந்தது.

இடைவேளை நேரம் பார்த்து விதுஷாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

"யாருடி இது?"

"ஆம்பள."

"பொய் சொல்லாத."

"அல்லாவே, நானும் நம்பல்ல. பழைய தோல் உள்ளுக்கே கிடக்கு. பாரு."

விதுஷா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். "நாம பாசி கலர்லயே தேடிக்கிட்டுத் திரிஞ்சோம் பாரு."

படத்தைப் பார்த்த விஜேந்திரன் இந்த முறை அன்றைக்கே அழைக்கவில்லை. இரண்டாவதும் தோலுரித்த பிறகுதான் அழைத்தார். "ரயில்ல ஏறி வாங்க. ரெண்டையும் கொண்டு வாங்க," என்றார்.

ஆய்வுகூடத்துக்குப் போனபோது அவர் கணினியில் ஒரு பழைய கட்டுரையின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். பேனாவால் வரைந்த சித்திரம். ஒரு சிலந்திக் கை, அதன் நுனியில் கொக்கி மாதிரி ஒரு முள்.

"நூறு வருஷத்துக்கு முந்தி வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் எழுதினது. அவருக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆம்பள. அதுக்கு அப்புறம் யாரும் பார்த்ததாத் தெரியல. உங்க படத்தப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கையப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

கையைப் பார்ப்பதென்றால் சிலந்தியை மதுசாரத்தில் போட்டுக் கொல்லவேண்டும். விஜேந்திரன் குப்பியைத் திறந்து வைத்தார். முதலாவது போத்தலுக்கு அவர் கை நீட்டியதும் ஸவாஹிரா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் செய்றேன் சேர்."

கடுகளவில் இருந்தபோது முதல் ஈயைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது அது. இப்போது போத்தல் சுவரில் ஏறி, அவள் விரல் நகரும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பியது. அவள் போத்தலைக் கவிழ்த்தாள். மதுசாரத்தில் அது கொஞ்ச நேரம் கால்களை மடக்கி விரித்தது. ஓய்ந்து போகும்வரை அவள் குப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நுணுக்குக்காட்டியின் கீழே அந்தக் கை ஒரு சங்கு மாதிரித் தெரிந்தது. நுனியில் கொக்கி. சித்திரத்தில் இருந்த அதே இடத்தில் அதே வளைவு. கொக்கியின் அடியில் சித்திரக்காரர் போட்டிருந்த சின்னப் பல்லும் அப்படியே இருந்தது. இதே முள்ளை ஒருவர் எங்கோ ஒரு ஜன்னல் ஓரத்தில் குனிந்து பார்த்துக் கோடு கோடாக வரைந்திருக்கிறார். தனக்கு முன்னே இதைப் பார்த்த ஒரே ஆள். ஸவாஹிராவுக்கு அழுகை வருமென்று பயமாக இருந்தது; ஆனால் வந்தது அழுகையல்ல. அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது: எங்கே பிடித்தீர்கள் இதை?

"அப்ப இது புதுசில்ல," என்றாள்.

"ஆம்பளைக்கு ஏற்கெனவே பேர் இருக்கு. முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும். ஆனா இதோட பொம்பளைய இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல."

ரயிலில் திரும்பும்போது விதுஷாவுக்குப் போனில் சொன்னாள். பேர் வைக்க ஏலாது என்பதையும் சொன்னாள். விதுஷாவின் பின்னால் பாடசாலைப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கட்டுரையில எடம் போட்டிருக்கா?"

"'சிலோன்' எண்டு மட்டும்தான் இருக்கு."

"சிலோன்ல எங்கன்னு அவருக்குத் தெரியல. நமக்குத் தெரியுமே." பிறகு, "இந்தச் சாதியில ஆம்பளைங்க பொம்பளைக்கு முன்னால ஆடும் இல்ல? இது எப்படி ஆடும்னு யாராவது பார்த்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

யாரும் பார்த்திருக்கவில்லை.

இரண்டாவது ஆணை விஜேந்திரன் திருப்பிக் கொடுத்திருந்தார். வெயில் வந்த முதல் விடுமுறையில் தோழிகள் இருவரும் அதைக் காட்டுக்குக் கொண்டு போய், ஒரு பெண் இருந்த மரத்தில் விட்டார்கள். அது கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு பெண்ணைக் கண்டுவிட்டது. தூரிகை முன்கால்கள் இரண்டையும் மேலே தூக்கி, ஒருபக்கமாக நடந்தது, நின்றது, மறுபக்கமாக நடந்தது. நிற்கும்போதெல்லாம் வயிறு படபடவென்று துடித்தது.

"ஏன்டி வயித்த ஆட்டுது?"

"பட்டையில தட்டுது போல. சத்தம் அதுகளுக்குக் காலாலதான் கேக்கும்."

விதுஷா மரத்தில் காதை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. பெண் சிலந்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிப் பட்டைக்கு அடியில் போய்விட்டது. ஆணும் பின்னாலேயே போனது. வெகுநேரம் காத்திருந்தும் இரண்டும் வெளியே வரவில்லை.

கட்டுரை அடுத்த ஆண்டு வந்தது. பெண்ணின் முழு வர்ணனையை ஸவாஹிரா எழுதினாள்; நடனத்தை விதுஷா எழுதினாள். வாழிடம் என்ற இடத்தில் மடுல்சீமை என்று இருந்தது. அந்தப் பக்கத்தை விதுஷா வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மரத்தில் ஒட்டவைத்து அதிர்வைப் பிடிக்கும் கருவி ஒன்றை விஜேந்திரன் இரவல் வாங்கியிருக்கிறார். மழை விட்டதும் மூவரும் காட்டுக்குப் போகப் போகிறார்கள்.