கேழ்வரகு மாவு பூசிய கால்

கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். படம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். வெட்கங்கெட்ட ஓர் ஓநாயின் கதை சொல்கிறேன்.

சண்டை நடந்த காலம். சந்தையில் அரிசி கண்ணில் படாத காலம். வத்தல்மலைச் சரிவில் ராமக்கா என்றொரு வெள்ளாடு. பாலைப் போல வெளுத்த கால் அவளுக்கு. குட்டிகள் இரண்டு: மூத்தவன் கரியன், சின்னவள் செல்லி. அவர்கள் குடிசைக்குக் கதவாக ஒரு மூங்கில் படல்.

"படலுக்கு அடியில வெள்ளைக் கால் தெரிஞ்சாத்தான் தெறக்கோணும். கறுப்புக் காலுன்னா ஓநாய். தின்னுப்புடும்" என்று சொல்லிவிட்டு ராமக்கா மேயப் போனாள்.

புதருக்குள் ஒளிந்திருந்த ஓநாய் அதைக் கேட்டது. செத்த எலி தின்கிற பிழைப்பு. நினைப்போ பெரிய துரை என்று! அடிவாரத்துக்கு ஓடியது. அங்கே மாவு அரைக்கத் திரிகை சுற்றிக்கொண்டிருந்த நஞ்சம்மாள் என்பவளிடம் உறுமியது.

"அரிசி மாவு எடு! இல்லாட்டி உன்னத் தின்னுடுவேன்!"

நஞ்சம்மாள் திரிகையை நிறுத்தவே இல்லை. "த்தூ! புள்ளைங்க கஞ்சிக்கே அரிசி இல்ல, உன் மூஞ்சிக்கு அரிசி மாவா? இந்தா கேழ்வரகு. பூசிக்கிட்டுப் போ."

ஈரக் காலில் அதை அப்பிக்கொண்டது ஓநாய். காய்ந்த சாணி நிறம். படத்தைப் பாருங்கள், அந்தக் காலைத் தூக்கித் தூக்கி ரசிக்கிற அழகை!

படலுக்கு அடியில் கால் நுழைந்தது.

"மண்ணு ஒட்டியிருக்கு. ஆத்தாதான்" என்று கரியன் படலின் கொண்டியை எடுக்கப் போனான்.

செல்லிக்கோ காலையிலிருந்து பசி. குனிந்து அந்தக் காலை ஒரு நக்கு நக்கினாள்.

"அண்ணா, மண்ணு இல்ல, மாவு!"

நக்க நக்க மாவு போனது. உள்ளே கறுப்பு ரோமம், வளைந்த நகம்.

கரியன் கொண்டியை விட்டுவிட்டு அந்தக் காலின் மேல் ஏறி மிதித்தான். ஓநாய் ஊளையிட்டது.

"ஏய் எலிதின்னி!" என்று செல்லி கத்தினாள். "மாவு பத்தல! இன்னும் கொஞ்சம் பூசிட்டு வா, எங்களுக்குப் பசிக்குது!"

ஊளை கேட்டு ஓடிவந்த ராமக்கா, பின்னாலிருந்து முட்டினாள் ஒரு முட்டு. ஓநாய் உருண்டே அடிவாரம் போய்ச் சேர்ந்தது. ஊர் நாய்கள் படுத்தபடியே பார்த்தன. அதற்காக எழுந்து குரைப்பானேன்? நஞ்சம்மாளின் கோழிகள் மட்டும் மிச்ச மாவைக் கொத்திக்கொண்டே ஊர் எல்லைவரை அதைத் துரத்தின.

கண்ணுகளா, உங்கள் வீட்டுத் திரிகை ஒருநாளும் ஓயாதிருக்கட்டும். உங்கள் வாசலுக்கு உங்கள் ஆத்தாவின் கால் தவறாமல் வந்து சேரட்டும்.