எல்லோரும் தேறிய வருடம்

மழை விடுவதாக இல்லை. அதனால் ஆண்டுத் தொடக்கத்துப் பெற்றோர் கூட்டத்தை மாமரத்தடியிலிருந்து ஏழாம் வகுப்பு அறைக்குள் மாற்றியிருந்தார்கள். பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணியின் வாடையும் அடுப்புப் புகையும், யாரோ மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த அவித்த கடலையின் வாசனையும் அறையில் கலந்திருந்தன. தகரக் கூரைமேல் மழை அடித்த அடியில் தலைமையாசிரியர் சிபுயே எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புத் தேர்வெழுதிய அத்தனை பிள்ளைகளும் தேறிவிட்டார்கள், வட்டாரத்திலேயே நாம்தான் முதல் என்பதை மட்டும் அவர் மகிழ்ச்சியோடு மூன்றாவது முறையும் சொன்னார்.

பெண்கள் குலவையிட்டார்கள். இருவர் எழுந்து வந்து, சுவரோரம் நின்றிருந்த கங்வா டீச்சரின் இடுப்பில் மரியாதையாகப் புதுச் சித்தெங்கேத் துணியைச் சுற்றிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு அவளுடையது. துணியில் இன்னும் கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. கங்வா சிரித்தாள். முகம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்கள் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டுத் திரும்பின. அங்கே பானா லோம்பே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தாலும், லோம்பேயின் அம்மா என்ற பொருளில் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது.

தேர்வெழுதியவர்கள் எல்லோரும் தேறியது உண்மை. எழுத வேண்டியவர்கள் எல்லோரும் எழுதவில்லை என்பதும் உண்மை. மழைக்கு முந்தைய வெயில் காலத்தில், தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் சமயம், சிபுயே கங்வாவை அழைத்து, "ஆத்தத் தாண்டுறவங்கள மட்டும் படகுல ஏத்துங்க, டீச்சர்" என்றார். யாரை இறக்கிவிடுவது என்பதை அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். அவள் இரண்டு பையன்களின் வீட்டுக்குப் போனாள். பிறகு லோம்பே வீட்டுக்குப் போனாள்.

லோம்பே மக்குப் பெண் அல்ல. வரியின் கீழே விரலை வைத்து, முதலில் உதட்டால் படித்துப் பார்த்து, அப்புறம்தான் குரல் கொடுப்பாள். மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போன பிறகு, முந்தைய கணக்கின் சரியான விடையோடு கையைத் தூக்குவாள். மாதிரித் தேர்வுகளில் ஒரு தடவை தேறினாள், ஒரு தடவை தவறினாள். அன்றைக்கு டீச்சர் வீடு தேடி வந்துவிட்டாளே என்று பானா லோம்பே முட்டையிடுகிற கோழியை அறுத்துவிட்டாள். மண்டியிட்டு அமர்ந்து, டீச்சரின் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கங்வா நன்றாகச் சாப்பிட்டாள். கை கழுவிய பிறகுதான் சொன்னாள், இந்த வருடம் அவளால் முடியாது, தேர்வு வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. லோம்பே சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது பானா லோம்பே பேச எழுந்தாள்.

"டீச்சர் அந்த வெயில்ல நடந்தே எங்க வீட்டுக்கு வந்தாங்க. உம் பொண்ணால முடியாதும்மான்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. வேற யாரு சொல்லுவா? எழுதித் தோத்திருந்தா ஊரே சிரிச்சிருக்கும். இப்ப அவ என்டோலா டவுன்ல என் தங்கச்சி குழந்தையப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கா. டீச்சருக்குப் புண்ணியமாப் போகட்டும்."

கை தட்டினார்கள். அடுத்த வருடம் என்று தான் சொன்னது இந்தத் தாயின் காதில் விழவே இல்லை என்று கங்வாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முடியாது என்பது மட்டும் விழுந்திருக்கிறது. சிபுயே அந்தக் கைதட்டலைப் பிடித்துக்கொண்டு இந்த ஆண்டுக்கான வேலைகளுக்கு வந்தார். சின்ன வகுப்புகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கவைப்பது, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு போடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த முதலிடத்தை விடாமல் இருப்பது. ஒவ்வொரு ஆசிரியரும் கங்வாவைப் போல முன்கூட்டியே பார்த்துப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார். அவளையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவள் நின்ற இடத்திலிருந்தே நன்றி மட்டும் சொன்னாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் தனியாகப் போனாள். இந்த வருடம் தன் வகுப்பில் எல்லோரும் எழுதுவார்கள் என்றாள். சிபுயே கோபப்படவில்லை. களைத்த முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"போன வருஷம் வரைக்கும் நம்ம ஸ்கூல எவன் திரும்பிப் பாத்தான்? இப்ப பெஞ்ச் வருது, குழாய் வருது. மூணு பேருக்காக அதையெல்லாம் வேணாங்கறீங்களா, டீச்சர்?"

வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. முதல் வகுப்புக் குழந்தைகள் ஈரத் தரையில் உட்கார்ந்து எழுதுவதை அவளும்தான் பார்க்கிறாள். ஆனாலும், "எல்லாரும் எழுதுவாங்க, சார்" என்று இன்னொரு தடவை சொன்னாள். சொன்ன வேகத்தில் வாசலுக்கு வந்தவள் பானா லோம்பே பாதையில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தாள். புதுத் துணி காலைத் தடுக்கத் தடுக்கச் சேற்றில் ஓடினாள்.

லோம்பேயைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னாள். பானா லோம்பே புரியாமல் நின்றாள்.

"அவளால முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்?"

"சொன்னேன்."

"அப்ப முடியுமா?"

"தெரியல. அதத் தெரிஞ்சிக்க நான் விடல."

பானா லோம்பே திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட கங்வாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் சொன்னது இதுதான்: "ஏங் கோழியத் தின்னுட்டு இதச் சொன்னீங்களா?" சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், பாதையோரத்துப் பெரிய கரையான் புற்றுமேட்டைக் கை காட்டினாள். அதன் உச்சியில் ஏறினால்தான் அங்கே போனுக்கு டவர் எடுக்கும்.

கங்வா துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, வழுக்கும் மண்ணில் கையூன்றி ஏறினாள். கீழிருந்து பானா லோம்பே தங்கையின் எண்ணை மெதுவாக ஒப்பித்தாள். மணி அடித்தது. எடுத்தது லோம்பேதான். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"லோம்பே, நான் கங்வா டீச்சர்."

அந்தப் பக்கம் அவள் குழந்தையை உஸ்ஸென்று அடக்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க, டீச்சர். குழந்தைய இறக்கி விட்டுட்டு வந்துடறேன்."

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் நகர்ந்தது. அழுகை தூரமாகப் போய்ச் சின்னதாயிற்று. தூறல் மறுபடி வலுத்தது. கங்வா போனை உள்ளங்கையால் மூடிக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கீழே பானா லோம்பே தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கூரையாக வைத்துக்கொண்டு, அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.