திரை ஓரத்துக் குரல்

மேடையின் வலது ஓரத்தில், கறுப்புத் திரைக்குப் பக்கத்தில், நெவேனாவை நிறுத்தியிருந்தார்கள். எதிரே இசைத்தாள் தாங்கி, அதன்மேல் சின்ன விளக்கு. நாயகி லிலியானாவுக்குக் காலையில் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிறு மதியக் காட்சியை ரத்து செய்யும் வழக்கம் அந்த ஓபரா அரங்கில் இல்லை. லிலியானா மேடையில் வாயசைத்து நடிப்பாள். கோரஸில் நான்காவதாக நிற்கும் இருபத்துமூன்று வயது நெவேனா ஓரத்திலிருந்து பாடுவாள். கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டிவிட்டது, முகத்துக்குத்தான் எட்டவில்லை.

இன்றைக்கென்று பார்த்து அம்மா ராட்கா சொந்த ஊரான ஸ்விஷ்தோவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இந்த சீசனுக்குள் தனிப்பாட்டு கிடைக்காவிட்டால் ஊரில் மருந்துக்கடை வேலை என்பது இருவரும் பேசி வைத்தது. சீசன் இன்றோடு முடிகிறது. நெவேனா மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பஸ் ஏறினால் அம்மா போனை அணைத்துவிடுவாள்.

திரை விலகுமுன் மேலாளர் வந்து அவள் பெயரை அறிவித்தார். பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் தண்ணீருக்கடியில் நடந்ததுபோல் இருந்தது. முதல் ஆறு மாதம் பாடவே விடாமல், வயிற்றில் கனத்த அகராதியை வைத்துத் தரையில் படுக்கவைத்து, மூச்சுவிட மட்டும் பழக்கிய வகுப்பில் இருந்தவள் அவள். இப்போது அந்த மூச்சு இன்னொருத்தியின் வாயில் போய் மலர்ந்தது. ஆரம்பத்தில் லிலியானாவின் தோள் உயர்வதைப் பார்த்துத்தான் நெவேனா பாட்டை எடுத்தாள். இரண்டாம் அங்கத்தில் அது தலைகீழானது. இவள் மூச்சுக்கு அவள் தோள் உயர்ந்தது.

கடைசியில் லிலியானாவே வந்து கையைப் பிடித்து மேடை நடுவுக்கு இழுத்துப்போனாள். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நெவேனாவின் கண் மேல்மாடத்தில் அம்மாவுக்கு எடுத்திருந்த இருக்கையையே தேடியது.

அம்மா அங்கே இல்லை. கூட்டம் சேருமுன், நுழையும்போது கொடுத்துவைத்த மேல்கோட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டுமென்று, கைதட்டல் தொடங்கியதுமே கீழே இறங்கியிருந்தாள். பஸ் தாமதமாகி, அரங்கில் விளக்கணைந்த பிறகுதான் உள்ளே வந்திருக்கிறாள். அறிவிப்பும் அவள் காதில் விழவில்லை, மேல்மாடத்திலிருந்து மேடையின் அந்த ஓரமும் தெரியவில்லை. கோட்டுகள் வைக்கும் இடத்தில் சிவந்த கண்களோடு நின்றாள்.

"எங்கடி போன? நாலாவது எடத்துல வேற எவளோ நின்னா."

"அம்மா, நான் வந்து..."

"இரு, சொல்லிடறேன். அந்தப் பொண்ணு பாடினா பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. கோவிச்சுக்காத. இப்படி ஒரு குரல் மட்டும் ஒனக்கு இருந்திருந்தா, நானே இந்த ஊருக்கு வந்து பாத்திரம் கழுவியாவது ஒன்னப் பாட வெச்சிருப்பேன்."

நெவேனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பெற்றவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. அது நான்தான் என்றால், ஊருக்கு வராமலிருக்கப் பொய் சொல்கிறாள் என்றுதான் அம்மா நினைப்பாள். தோளில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே, கடைசிப் பாட்டின் முதல் வரியை மெல்ல எடுத்தாள்.

கோட்டுக் கைக்குள் பாதி நுழைந்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.